நேப்பியர் பாலத்து நேப்பியர் யார்? ஸ்காட்லாந்துப் பிரபு வம்சங்களைப் படிக்க ஒரு வழிகாட்டி

சென்னையில் கோட்டைப் பக்கமிருந்து மெரினாவுக்குப் போகிறவர்கள் கூவத்தைத் தாண்டும் இடம் நேப்பியர் பாலம். முதலில் 1869இல் கட்டினார்கள். இப்போது நிற்கும் வில்வளைவுகள் பிற்பாடு வந்தவை. 2022 செஸ் ஒலிம்பியாட் சமயத்தில் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டிருந்தார்களே, அதே பாலம்தான். 1866 மார்ச் முதல் 1872 பிப்ரவரி வரை மதராஸ் கவர்னராக இருந்த பிரான்சிஸ் நேப்பியரின் பெயர் அது. சிந்தாதிரிப்பேட்டையில் இன்று மே தினப் பூங்கா என்று சொல்லும் இடமும் முன்பு நேப்பியர் பூங்காதான். திருவனந்தபுரத்து அருங்காட்சியகத்துக்கும் இவர் பெயரே.

அவரைப் பற்றி எந்தக் குறிப்பை எடுத்தாலும் முதல் வரியிலேயே தடுக்கி விழுவோம். 'பத்தாவது நேப்பியர் பிரபு, முதலாவது எட்ரிக் பாரன்' என்றிருக்கும். பத்தாவது என்றால் முன்னே போன ஒன்பது பேர் யார்? அதே ஆள் இன்னொரு பட்டத்தில் எப்படி முதலாவது ஆனார்? லாகரிதம் கண்டுபிடித்த நேப்பியருக்கு இவர் என்ன முறை? நான் முதன்முதலில் ஒரு தாளில் மேலிருந்து கீழாகப் பத்துப் பெயரை அப்பா, மகன், பேரன் என்று கோடு போட்டு எழுதினேன். மூன்றாவது பெயரிலேயே கோடு அறுந்துவிட்டது. அந்தத் தாளைத் திருத்தித் திருத்திக் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த வழிகாட்டி. நேப்பியர் குடும்பத்தை மாதிரியாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்காட்லாந்துப் பட்டங்களில் வரக்கூடிய சிக்கல்களில் முக்கால்வாசி இந்த ஒரே குடும்பத்தில் இருக்கிறது.

ஒரு சின்ன எச்சரிக்கை. பிரபுப் பட்டங்களில் கடைசிப் படிநிலையைச் சிலர் தமிழில் 'பேரன்' என்று எழுதுகிறார்கள். வம்சாவளிக் கட்டுரையில் அப்படி எழுதினால் மகன் வயிற்றுப் பேரனா, பட்டமா என்று வாசகர் முழிப்பார். அதனால் பட்டத்தை 'பாரன்' என்றே எழுதுகிறேன்.

முதல் படி: குடும்பப் பெயர், பட்டப் பெயர், ஊர்ப் பெயர்

ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதலில் குடும்பப் பெயர், அடுத்து பட்டப் பெயர், கடைசியில் நிலம் இருந்த ஊர். எந்த ஆள் வந்தாலும் இந்த மூன்றையும் நிரப்பிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

பாடப்புத்தகத்தில் படித்த டல்ஹௌசிக்கு டல்ஹௌசி என்பது குடும்பப் பெயரே கிடையாது. அது பட்டம். குடும்பம் ராம்சே. எல்ஜின் பிரபுக்களின் குடும்பப் பெயர் புரூஸ், மிண்டோ பிரபுக்களுக்கு எலியட், லின்லித்கோவுக்கு ஹோப். ஆர்கைல் ட்யூக்குகள் எல்லோரும் கேம்ப்பெல்கள். நூலகத்துப் பெயரகராதியில் டல்ஹௌசியைத் தேடிக் கிடைக்கவில்லை என்றால் ராம்சேயில் பாருங்கள்.

நேப்பியர் குடும்பத்தில் குடும்பப் பெயரும் பட்டமும் ஒன்றே. எளிது என்று தோன்றும். ஆனால் ஏமாறுவதும் இங்கேதான்: பெயர் மாறாமல் வருவதால் ரத்தவழியும் மாறவில்லை என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். மூன்றாவது பத்தியில் எடின்பரோவின் மெர்ச்சிஸ்டன் என்று எழுதுங்கள். அங்கிருந்த கோபுர வீடு இன்றும் நிற்கிறது. சுற்றிலும் எடின்பரோ நேப்பியர் பல்கலைக்கழகத்தின் நவீனக் கட்டடங்கள், நடுவில் பழைய கல்கோபுரம். அந்த மெர்ச்சிஸ்டனை வாங்கிய முதல் நேப்பியர் போர்வீரரோ இளவரசரோ அல்ல. அலெக்சாண்டர் நேப்பியர் என்ற வணிகர். 1437இல் எடின்பரோ நகரத் தலைவராகவும் இருந்திருக்கிறார்.

இரண்டாம் படி: லார்டும் லெர்டும்

ஸ்காட்லாந்தின் பிரபு வரிசை மேலிருந்து ட்யூக், மார்க்வெஸ், ஏர்ல், விஸ்கவுண்ட் என்று இறங்கும். இங்கிலாந்தில் அதற்குக் கீழே பாரன். ஸ்காட்லாந்தில் அந்தக் கடைசிப் படிக்கு 'நாடாளுமன்ற லார்டு' என்று பெயர். அங்கே பாரன் என்றால் அரசரிடமிருந்து நிலமும் அந்த நிலத்தில் வழக்கு விசாரிக்கும் உரிமையும் பெற்ற நிலக்கிழார். அவர் பிரபு வரிசையில் சேர மாட்டார். ஆகவே ஒருவரை 'பாரன்' என்று எழுதியிருந்தால், எந்த நாட்டுப் பாரன், எந்த ஆண்டு என்று முதலில் கேளுங்கள்.

அதற்கும் கீழே லெர்டு. நம் பக்கத்துப் பண்ணையார், மிராசுதார் மாதிரி. நிலம் இருக்கிறது, ஊரில் மரியாதை இருக்கிறது, அவ்வளவுதான். லாகரிதம் தந்த ஜான் நேப்பியர் 1550இல் மெர்ச்சிஸ்டனில் பிறந்தார். 1614இல் அந்த நூலை வெளியிட்டார், 1617இல் இறந்தார். அவர் மெர்ச்சிஸ்டனின் எட்டாவது லெர்டு. வாழ்ந்த காலத்தில் ஒரு நாளும் லார்டாக இருந்ததில்லை. இணையத்தில் பாதிப் பேர் அவரை 'நேப்பியர் பிரபு' ஆக்கிவிட்டார்கள். பிரபுப் பட்டம் அவர் இறந்து பத்து ஆண்டு கழித்து, 1627இல் அவருடைய மகன் ஆர்ச்சிபால்டுக்கு வந்தது. ஆர்ச்சிபால்டு, ஜேம்ஸ் மன்னரின் அரண்மனைப் பணியில் இருந்தவர். 1603இல் மன்னர் லண்டனுக்குப் போனபோது கூடவே போனவர்.

லார்டு என்ற சொல் வேறு இடங்களிலும் வரும். ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்ற நீதிபதிகளையும் லார்டு என்றுதான் அழைப்பார்கள். அது பதவிக்குரிய மரியாதை, பிள்ளைகளுக்குப் போகாது. எடின்பரோ நகரத் தலைவரும் லார்டு ப்ரோவோஸ்ட்தான். அப்புறம், ஒரு சதுர அடி ஸ்காட்லாந்து நிலம் வாங்கினால் நீங்களும் லெர்டு என்று இணையத்தில் சான்றிதழ் விற்கிறார்கள். பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கலாம். அதை வைத்து யாரும் லெர்டு ஆவதில்லை.

மூன்றாம் படி: எண்ணை நம்பாதீர்கள், முறை சொல்லி எழுதுங்கள்

'பத்தாவது' என்பது பட்டத்தை எத்தனையாவது ஆள் வகிக்கிறார் என்ற கணக்கு. தலைமுறைக் கணக்கு வேறு. ஒரே தலைமுறையில் அண்ணன், தம்பி என்று இரண்டு எண் போய்விடலாம். சித்தப்பாவுக்கு மேலேறிக்கூடப் போகலாம்.

இங்கே தமிழ் நமக்குப் பெரிய வசதி. ஆங்கிலக் குறிப்புகளில் அங்கிள், ஆன்ட்டி, கசின், நெப்யூ என்று நாலு சொல்லை வைத்துக்கொண்டு எல்லா உறவையும் மூடி மறைத்துவிடுவார்கள். கசின் என்றால் பெரியப்பா மகனா, அத்தை மகனா, மாமா மகனா, பெரியம்மா மகனா? பட்டம் யாருக்குப் போகும் என்பதே அதில்தான் இருக்கிறது. பெரியப்பா மகன் பங்காளி, மாமா மகன் மச்சான். அதனால் தாளில் ஒவ்வொரு கோட்டின் மேலும் தமிழ் முறையை எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் தகவல் போதவில்லை என்று அர்த்தம்.

நேப்பியர் வரிசையை அப்படி எழுதிக் காட்டுகிறேன்.

1ஆம் பிரபு ஆர்ச்சிபால்டு. 1627 முதல் 1645 வரை. லாகரிதக்காரரின் மகன்.
2ஆம் பிரபு ஆர்ச்சிபால்டு. அவர் மகன். தாய்மாமன் மாண்ட்ரோஸ் மார்க்வெஸின் பக்கம் நின்று மன்னருக்காகப் போரிட்டவர். நாட்டைவிட்டுப் போய் வெளிநாட்டிலேயே இறந்தார்.
3ஆம் பிரபு ஆர்ச்சிபால்டு. அவர் மகன். கல்யாணம் ஆகவில்லை. 1683இல் இறந்தார்.
4ஆம் பிரபு தாமஸ் நிக்கல்சன். மூன்றாமவரின் சகோதரிகளில் மூத்தவரான ஜீனுடைய மகன், ஆக மருமகன். இளம் வயதிலேயே, கல்யாணம் ஆகாமல் 1686இல் இறந்தார்.
5ஆவதாக மார்கரெட் பிரிஸ்பேன். தாமஸின் சித்தி. 1706இல் இறந்தார்.
6ஆம் பிரபு பிரான்சிஸ் ஸ்காட். மார்கரெட்டின் மகள் வயிற்றுப் பேரன். பிறகு நேப்பியர் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1773 வரை.
7ஆம் பிரபு வில்லியம், 8ஆம் பிரபு பிரான்சிஸ், 9ஆம் பிரபு வில்லியம் ஜான், 10ஆம் பிரபு பிரான்சிஸ். இவர்கள் நால்வரும் வரிசையாக மகன், மகன், மகன், மகன்.

நடுவில் நடந்ததை மட்டும் தனியாகப் பாருங்கள். தாய்மாமனிடமிருந்து மருமகனுக்கு, மருமகனிடமிருந்து அவர் சித்திக்கு, சித்தியிடமிருந்து அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்கு. இருபத்து மூன்று ஆண்டுக்குள் பட்டம் நிக்கல்சன் வீட்டுக்குள் போய், பிரிஸ்பேன் வீடு வழியாக ஸ்காட் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதாவது பாலத்துக்குப் பெயர் தந்த நேப்பியர், ஆண்வழியில் பார்த்தால் நேப்பியரே அல்ல. எட்ரிக் பள்ளத்தாக்கின் ஸ்காட் குடும்பத்துக்காரர். நாட்டின் பெயரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்; ஸ்காட் என்பது அங்கே ஒரு குடும்பப் பெயர்.

அப்படியென்றால் லாகரிதக்காரருக்கும் இவருக்கும் உறவே இல்லையா என்றால், இருக்கிறது. ஜானிலிருந்து கவர்னர் ஒன்பதாம் தலைமுறை. அந்தக் கோட்டில் மார்கரெட், அவர் மகள் எலிசபெத் என்று இரண்டு பெண்கள் வருகிறார்கள். மூன்றாம் பிரபுவும் நான்காம் பிரபுவும் இந்தக் கோட்டிலேயே இல்லை. எலிசபெத் கோட்டில் இருக்கிறார், ஆனால் எண் இல்லை: 1705இல், தாய்க்கு ஓராண்டு முன்பே இறந்துவிட்டார். எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் இந்த மூன்றும் கண்ணில் படாது.

ஆறாம் பிரபுவைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1706இல் பட்டம் வந்தபோது நாலைந்து வயதுக் குழந்தை. 1773 வரை இருந்தார். அறுபத்தேழு ஆண்டு ஒரே ஆள். ஆவணத்தில் 1710 என்றாலும் 1770 என்றாலும் 'நேப்பியர் பிரபு' என்பது இவர்தான். அவருக்குப் பின் வந்த மகனோ இரண்டே ஆண்டில் போய்விட்டார். ஒரு பிரபுவுக்குச் சராசரியாக இத்தனை ஆண்டு என்று மனக்கணக்குப் போட்டு ஆளைக் கண்டுபிடிக்கிற வேலை வேண்டாம்.

நான்காம் படி: பட்டயம் என்ன சொல்கிறது?

இவ்வளவு வளைந்து நெளிந்து பட்டம் ஏன் போனது? வழக்கமாக நடக்க வேண்டியது இதுவல்ல. பெரும்பாலான பிரபுப் பட்டங்கள் 'உடல்வழி ஆண்வாரிசு' என்று எழுதிக் கொடுக்கப்பட்டவை. பட்டம் பெற்றவரின் மகன், மகன் வயிற்று மகன் என்று மட்டும் போகும்; ஆண்வழி தீர்ந்தால் பட்டமும் தீரும். சில பட்டயங்களில் 'ஆண்வாரிசு' என்று மட்டும் இருக்கும். அப்போது பங்காளிகளில் எவ்வளவு தூரத்து ஆள் என்றாலும் வரலாம். சிலவற்றில் பெண்வழியும் உண்டு. பெண்வழி உண்டென்றால் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. இங்கிலாந்தின் பழைய பாரன் பட்டங்களில் மகன் இல்லாமல் மூன்று மகள்கள் இருந்தால் மூவருக்கும் சம உரிமை. யாருக்கும் பட்டம் இல்லாமல் தொங்கலில் நிற்கும். ஸ்காட்லாந்தில் மூத்த மகளுக்குப் போய்விடும்.

மூன்றாம் நேப்பியர் பிரபு கல்யாணம் ஆகாதவர், சகோதரிகள் மட்டும் இருந்தார்கள். 1677இல் அவர் ஒரு காரியம் செய்தார். பட்டத்தை அரசரிடமே திருப்பி ஒப்படைத்து, புது நிபந்தனையோடு அதே பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். புதுப் பட்டயப்படி, அவருக்குப் பிள்ளை இல்லாவிட்டால் சகோதரிகளுக்கும் அவர்கள் சந்ததிக்கும் பட்டம் போகும். ஸ்காட்லாந்துச் சட்டத்தில் இதற்கு 'நோவோடமஸ்' என்று பெயர். லத்தீனில் 'புதிதாகத் தருகிறோம்' என்று பொருள். பத்திரத்தை ரத்துசெய்து மறுபடி எழுதிப் பதிவுசெய்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகத் தந்தாலும் எண்ணும் பழைய மரியாதை வரிசையும் தொடரும். 1707இல் இரண்டு நாடுகளும் இணைந்த பிறகு இந்த வழி அடைபட்டது.

ஸ்காட்லாந்துப் பட்டம் ஒன்று பெண்வழியில் திரும்புவதைப் பார்த்தால் உடனே 1707க்கு முந்தைய இப்படியொரு மறுபட்டயம் இருக்கிறதா என்று தேடுங்கள். நான் தாளில் தடுக்கி நின்ற இடத்துக்கு விடை அங்கேதான் கிடைத்தது.

ஐந்தாம் படி: ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித் தாள்

ஒரே ஆளிடம் பல பட்டம் இருக்கும். எல்லாம் ஒரே மூட்டை என்று நினைக்கக் கூடாது. வீடு, வயல், தோப்பு மூன்றையும் ஒருவர் வைத்திருந்தாலும் மூன்றுக்கும் தனித்தனிப் பத்திரம் இருக்குமல்லவா?

முதலாம் ஆர்ச்சிபால்டுக்கு 1627இல் இரண்டு கிடைத்தது. மார்ச்சில் நோவா ஸ்கோஷியா பாரோனெட் பட்டம், மே மாதம் பிரபுப் பட்டம். பாரோனெட் என்பது பிரபு வரிசைக்குக் கீழே, பரம்பரையாக வரும் 'சர்' பட்டம். 1683இல் மூன்றாம் பிரபு இறந்ததும் இரண்டும் பிரிந்தன. பிரபுப் பட்டம் 1677 பட்டயப்படி மருமகனுக்குப் போனது. பாரோனெட் பட்டத்துக்கு அப்படி மறுபட்டயம் இல்லை. அது பங்காளி வீட்டுக்குரியது. உரிமை கேட்டு யாரும் வராமல் நெடுங்காலம் கிடந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு நேப்பியர் கிளை அதை எடுத்துக்கொண்டது.

கவர்னருடைய தாளில் என்ன இருந்தது? மெர்ச்சிஸ்டன் நேப்பியர் பிரபுப் பட்டம், ஸ்காட்லாந்து, 1627, பெண்வழியும் செல்லும். தர்ல்ஸ்டேன் ஸ்காட் பாரோனெட் பட்டம், 1666, தந்தைவழியில் 1725இல் ஆறாம் பிரபுவுக்கு வந்து சேர்ந்தது. எட்ரிக் பாரன் பட்டம், ஐக்கிய ராச்சியம், 1872, ஆண்வழி மட்டும். அடுத்து கே.டி. என்ற எழுத்துகள்: திசில் வரிசை வீரர், பதினாறு பேருக்கு மட்டும் கிடைக்கும் உயரிய ஸ்காட்லாந்து விருது. அவரோடு போய்விடும், பிள்ளைக்கு வராது.

ஏற்கெனவே பிரபுவாக இருந்தவருக்கு எட்ரிக் எதற்கு? 1707 இணைப்புக்குப் பிறகு ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் எல்லோராலும் லண்டன் பிரபுக்கள் சபையில் உட்கார முடியாது. தங்களுக்குள் தேர்தல் வைத்துப் பதினாறு பேரை அனுப்ப வேண்டும். கவர்னரின் அப்பா, தாத்தா இருவரும் அப்படித் தேர்வாகிப் போனவர்கள். ஐக்கிய ராச்சியப் பட்டம் ஒன்று கிடைத்துவிட்டால் தேர்தல் தொல்லையில்லை, இருக்கை நிரந்தரம். 1872 பிப்ரவரியில் வைஸ்ராய் மேயோ பிரபு அந்தமானில் குத்திக் கொல்லப்பட்டபோது, மதராசிலிருந்து போய் மே வரை தற்காலிக வைஸ்ராயாக இருந்தவர் நம் நேப்பியர். ஊர் திரும்பியதும் ஜூலையில் எட்ரிக் பட்டம். இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நல்ல குறிப்பு கைக்கு வரும்: ஆவணத்தில் 'நேப்பியர், எட்ரிக் பிரபு' என்று இரட்டைப் பெயர் இருந்தால் அது 1872 ஜூலைக்குப் பிறகு எழுதியது. 1883இல் ஸ்காட்லாந்து மேட்டுநிலத்துச் சிறு குத்தகை விவசாயிகளின் நிலையை ஆராய அவர் தலைமையில் அமைத்த ஆணையத்தில் அவர் பெயர் அப்படித்தான் வரும். 1886இல் குத்தகைதாரருக்குப் பாதுகாப்புத் தந்த சட்டத்துக்கு வழிவிட்டது அந்த ஆணையம். என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையில் பெரிய வேலை அதுதான், பாலம் இல்லை.

பதினாறு பேர் முறை 1963 சட்டத்தோடு ஒழிந்தது. 1999இல் பரம்பரைப் பிரபுக்களில் பெரும்பாலோர் சபையைவிட்டே வெளியே வந்தார்கள்.

பட்டங்கள் பிரிவதற்கு நமக்குத் தெரிந்த இன்னொரு ஆள் டல்ஹௌசி. அவர் பத்தாவது டல்ஹௌசி ஏர்ல், கூடவே முதலாவது டல்ஹௌசி மார்க்வெஸ். 1860இல் மகன் இல்லாமல் இறந்தார். அவருக்கென்று புதிதாகத் தந்த மார்க்வெஸ் பட்டம் அங்கேயே முடிந்தது. பழைய ஏர்ல் பட்டம் பங்காளி ஒருவருக்குப் போனது. ஒரே ஊர்ப் பெயர், ஒரே நாள். ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது.

ஆறாம் படி: எப்படிக் குறிப்பிடுவது?

'லார்டு பிரான்சிஸ் நேப்பியர்' என்று எழுதாதீர்கள். லார்டுக்குப் பின் சொந்தப் பெயர் வந்தால் ட்யூக் அல்லது மார்க்வெஸின் இளைய மகன் என்று பொருள். பட்டத்தை வகிக்கும் ஆளுக்கு லார்டு நேப்பியர் என்று மட்டும்தான். தமிழில் 'நேப்பியர் பிரபு' என்று எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே வராது. சர் பட்டத்தில் நேர் எதிர்: சொந்தப் பெயர் வந்தே ஆக வேண்டும். சர் சார்லஸ் நேப்பியர், சர் சார்லஸ். சர் நேப்பியர் என்று கிடையாது.

பட்டத்துக்கு அடுத்து நிற்கும் மகனுக்கு ஸ்காட்லாந்தில் மட்டும் ஒரு பெயர் உண்டு: மாஸ்டர் ஆஃப் நேப்பியர். மகளாக இருந்தால் மிஸ்ட்ரெஸ் ஆஃப் நேப்பியர். தாய்க்கு முன் இறந்த எலிசபெத் அப்படித்தான் பதிவாகியிருக்கிறார். பள்ளிக்கூட மாஸ்டர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள்; பட்டத்து வாரிசு என்று எழுதுங்கள், போதும்.

ஏழாம் படி: ஒரே பெயரில் பல பேர்

1870க்கும் 1872க்கும் இடையில் இந்தியாவில் ஒரே நேரத்தில் இரண்டு நேப்பியர் பிரபுக்கள் இருந்தார்கள். ஒருவர் மதராஸ் கவர்னர். இன்னொருவர் படைத்தளபதி ராபர்ட் நேப்பியர். இந்த ராபர்ட் பிறந்தது கொழும்பில், 1810இல். 1868 அபிசீனியப் போரில் வென்றதற்காக 'மக்தலா நேப்பியர் பிரபு' என்று பட்டம் பெற்றார். 'மக்தலா' என்பது அங்கே அலங்காரம் கிடையாது, பட்டத்தின் பகுதி. அதை விட்டுவிட்டு எழுதினால் ஆளே மாறிவிடுவார். சிந்துவை 1843இல் பிடித்த சர் சார்லஸ் ஜேம்ஸ் நேப்பியர் மூன்றாமவர். அவர் ஆறாம் பிரபுவின் மகன் வயிற்றுப் பேரன், ஆகவே கவர்னருக்குப் பங்காளி. கவர்னரின் தாத்தாவும் அவரும் சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள். லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்தில் சிலையாக நிற்பவர் இவர்.

ஊர்ப் பெயரிலும் பொறி உண்டு. தர்ல்ஸ்டேன் கோட்டை என்று தேடினால் லாடர் ஊரின் பெரிய கோட்டை படத்தில் வரும். அது மெய்ட்லண்ட் குடும்பத்துடையது. நேப்பியர்கள் சொல்லும் தர்ல்ஸ்டேன் எட்ரிக் பள்ளத்தாக்கில் இருக்கிறது.

கடைசிப் படி: சரிபார்த்தல்

ஸ்காட்லாந்துக் குடும்பங்களுக்கு 1904க்கும் 1914க்கும் இடையில் ஒன்பது தொகுதிகளாக வந்த 'ஸ்காட்ஸ் பியரேஜ்' இன்றும் கைகொடுக்கும்; பழையது என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். அதற்குப் பிந்தைய தலைமுறைகளுக்கு, பிரபுக் குடும்பங்களைப் பட்டியலிடும் டெப்ரெட், பர்க் பதிப்புகள். பழைய ஆவணங்களைப் படிக்கும்போது இரண்டு விஷயம். ஸ்காட்லாந்துப் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரோடேயே வருவார்கள். கணவன் பெயரில் தேடித் தவறவிடாதீர்கள். தேதியில், ஸ்காட்லாந்து 1600இலேயே ஜனவரி 1ஐ ஆண்டுப் பிறப்பாக்கிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை மார்ச் 25இல்தான் ஆண்டைத் தொடங்கியது. 1677 பிப்ரவரியில் ஸ்காட்லாந்தில் எழுதிய பட்டயம் லண்டன் கணக்கில் 1676.

குடும்பக் கதைகளை ரசியுங்கள், தாளில் ஏற்றாதீர்கள். போரில் ஈடு இணையில்லாமல் சண்டை போட்டவரைப் பார்த்து மன்னர் 'நே பியர்' என்றாராம், அதாவது நிகரில்லை. அதிலிருந்துதான் நேப்பியர் வந்ததாம். நம்மூர் தலபுராணங்களில் ஊர்ப்பெயருக்குச் சொல்லும் காரணம் மாதிரிதான் இது. அரண்மனையில் மேசைத்துணி, படுக்கைத்துணிகளைக் கவனித்துக்கொண்ட ஊழியரின் பதவிப் பெயரிலிருந்து வந்தது என்பதே பொருத்தமாகத் தெரிகிறது. பிரெஞ்சில் மேசை விரிப்புக்கு 'நாப்' என்று பெயர்.

கடைசியாகக் கேடயத்தைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னங்கள் லயன் மன்னர் என்ற அரசு அதிகாரியின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 1672 முதல் அதற்கான பதிவேடு இருக்கிறது. வித்தியாசம் எதுவும் சேர்க்காத முழுச் சின்னம் ஒரு நேரத்தில் ஒரே ஆளுக்குத்தான். தம்பி, சித்தப்பா எல்லாம் சின்ன மாற்றத்தோடு பதிவுசெய்துகொள்ள வேண்டும். அதனால் சின்னத்தைச் சரியாகப் படித்தால் குடும்பத்தில் அந்த ஆளின் இடம் தெரிந்துவிடும். நேப்பியர் பிரபுவின் கேடயம் நான்கு கட்டம். ஒன்றிலும் நான்கிலும் வெள்ளையில் குறுக்குச் சிலுவையும் நான்கு சிவப்பு ரோஜாவும்; மெர்ச்சிஸ்டன் நேப்பியர்களுடையது. இரண்டிலும் மூன்றிலும் பொன்நிறத்தில் நீலப் பட்டை, அதில் ஒரு நட்சத்திரம், இரண்டு பிறை, தர்ல்ஸ்டேன் ஸ்காட்டுகளுடையது. இந்த இரண்டு வீடும் ஒரே கேடயத்தில் வந்து சேரக் காரணம் எலிசபெத்தின் கல்யாணம். வரிசையில் எண் கிடைக்காமல் போன அந்த மிஸ்ட்ரெஸ் ஆஃப் நேப்பியரைத் தேடினால், அவர் இருப்பது அந்தக் கட்டங்களுக்கு நடுவே ஓடும் கோட்டில்.